ஒன்பது பதிவேடுகளுக்குப் பதில் ஒரு போன்

இனிமேல் யாரும் எழுத வேண்டாம் என்று ஹேமாவதி சொன்னதும் கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கிறிஸ்டினா தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமா முழங்கையால் இடித்துப் பார்த்தாள். அப்போதும் தட்டவில்லை.

தாம்பரத்தில், ரயில் போகும்போதெல்லாம் பேச்சு காதில் விழாத ஒரு மாடிக் கூடம் அது. பீர்க்கன்கரணை, முடிச்சூர், அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி வரைக்கும் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற பெண்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு சாயங்காலம் வந்து அழைத்துப் போவார்கள். நடுவில் பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்துக்குக் கணக்காக ஒவ்வொரு காப்பகத்திலும் ஒன்பது பதிவேடுகள். யார் வந்தது, யார் வராதது, என்ன சமைத்தது, மூட்டையில் அரிசி எவ்வளவு இறங்கியது, முட்டையில் எத்தனை உடைசல், பிள்ளையின் எடை ஏறியதா இறங்கியதா, அம்மாவின் கையெழுத்து, ஆயாவின் கையெழுத்து. பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற நேரம் முழுக்க அதற்கே சரியாகப் போகும்.

ஹேமாவதி அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நீங்க பிள்ளைங்களப் பாக்குறீங்களா, புக்கப் பாக்குறீங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒண்ணாம் தேதியிலருந்து ஒரே ஒரு தாள் போதும். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் சாப்பிட்டாங்க. அவ்ளோதான்."

"அப்ப நாங்க ஒழுங்காப் போடறோமான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அம்மாக்கள் கிட்டயே கேட்டுக்கறோம். மாசத்துல ரெண்டு மூணு பேருக்கு ஆபீஸ்லருந்து போன் வரும். யாருக்குன்னு சொல்ல மாட்டோம். உங்க பிள்ளை அங்க நல்லா சாப்பிடுதா? இதான் கேள்வி."

கிறிஸ்டினா எழுந்து நின்றாள். நாற்பத்து நான்கு வயது. கூட்டங்களில் வாய் திறக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மேடம், அந்த அம்மா பொய் சொன்னா?"

"எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?"

"எங்க மேல கோவம் இருந்தா?"

கூடம் சிரித்தது. "எல்லா அம்மாவுக்குமா உங்க மேல கோவம்?" என்றாள் ஹேமாவதி. சிரிப்பு இன்னும் பெரிதானது. ஹேமாவதியும் சிரித்தபடி குனிந்து மேசைமேல் இருந்த காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். தன் பெயரைத்தான் எழுதுகிறாள் என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றிவிட்டது. அதற்குமேல் மேடம் என்ன பேசினாள் என்பது அவள் மனதில் ஏறவில்லை.

திரும்பும்போது பேருந்தில் ரமா கேட்டாள். ரமா பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் காப்பகம் நடத்துகிறவள், கிறிஸ்டினாவுக்குப் பழைய சிநேகிதி.

"உனக்கு எழுதறதுல அப்படி என்ன ஆசை கிறிஸ்டி? எனக்கெல்லாம் விரல் காய்ச்சுப் போச்சு. விட்டது சனின்னு இரு."

"அவங்க எதுக்கு விடறாங்க?"

"எதுக்குன்னா?"

"இத்தனை வருஷம் ஒரு கையெழுத்து இல்லன்னா பணத்த நிறுத்துனவங்க, இப்ப புக்கே வேணாம்கறாங்க. சும்மா சொல்வாங்களா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நம்ம கையில காட்ட என்ன இருக்கு?"

"உனக்கு அந்த மழை இன்னும் மறக்கல," என்றாள் ரமா.

மறக்கவில்லைதான். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் முடிச்சூரில் அவள் காப்பகத்தின் மாடிப்படி வரை தண்ணீர் ஏறியபோது கிறிஸ்டினா பிள்ளைகளின் பாயையும் அடுப்பையும் காப்பாற்றினாள். பதிவேடுகள் கீழே பீரோவில் இருந்தன. நான்காம் நாள் பீரோவைத் திறந்தால் எல்லாம் கூழ். அடுத்த மார்ச்சில் ஒரு அதிகாரி கணக்குப் பார்க்க வந்தார். வெள்ளம் வந்தது அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய எட்டு மாதச் சாப்பாட்டுக்கு எழுத்தில் எதுவும் இல்லையே என்றார். "தண்ணி உங்களுக்கு வசதியா வந்திருக்கும்மா," என்று தெருவில் நாலு பேர் நிற்கும்போது சொன்னார். அந்தச் சொல் தெருவிலேயே தங்கிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் அவள் நின்றால் யாரோ யாரிடமோ ஏதோ கிசுகிசுத்தார்கள். விசாரணை என்று ஏழெட்டு முறை தாம்பரத்துக்கு அலைந்தாள். பிறகு அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். கேள்வியும் அவரோடு போய்விட்டது. அவள் திருடவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.

அதனால் ஒண்ணாம் தேதி வந்தபோது கிறிஸ்டினா அந்த ஒற்றைத் தாளையும் நிரப்பினாள், ஒன்பது பதிவேடுகளையும் எழுதினாள். வேண்டாம் என்று சொன்னதை எழுதுவதும் ஒரு குற்றமாகிவிடுமோ என்ற பயத்தில், அரிசி மூட்டை இருக்கும் உள்ளறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

ஆயா காந்திமதி பார்த்துவிட்டாள். சமையலும் பிள்ளைகளைக் கழுவி விடுவதும் அவள் வேலை. கிறிஸ்டினாவோடு பல வருடமாக இருக்கிறவள்.

"இன்னா மிஸ்ஸு, அதான் வேணாம்னுட்டாங்களே. எதுக்கு ஒளிஞ்சிகினு எழுதற?"

"நீ யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யாராண்ட சொல்லப் போறேன்?" என்று காந்திமதி பருப்பைக் கடையப் போய்விட்டாள். அவள் அப்படிச் சட்டென்று போனதுகூடக் கிறிஸ்டினாவுக்கு உறுத்தியது.

எழுத்து ஒரு பக்கம் இருக்கட்டும். போன் யாருக்கு வரும்? அதுதான் அவளைக் குடைந்தது. காலையில் அம்மாக்கள் வரிசையாக வந்து பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும்போது, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தீபா நல்லவள், ஆனால் யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பவள். சாப்பாடு சரியில்லையாமே என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்பாள். வீட்டு வேலைக்குப் போகிற இன்னொருத்திக்குப் போனை எடுக்கவே பயம். அவள் எடுக்காவிட்டால் அதை என்னவென்று கணக்கு வைப்பார்கள்?

இவர்கள்கூடப் பரவாயில்லை. வினிதாதான்.

வினிதா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறவள். அவள் மகன் கிரீஷுக்கு நான்கு வயது. சோறு என்றாலே ஓடுகிற பிள்ளை. கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருப்பான், கடைசியில் யாரும் பார்க்காதபோது ஜன்னல் பக்கம் துப்பிவிடுவான். வினிதாவோ தினமும் அரை மணி, முக்கால் மணி தாமதமாக வருகிறவள். மே மாதத்தில் ஒருநாள் கிறிஸ்டினா பொறுமை போய், மற்ற அம்மாக்கள் எதிரிலேயே, "நாங்க என்ன நீ வெச்ச வேலைக்காரங்களா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வினிதா பிள்ளையை விடும்போதும் வாங்கும்போதும் வாயைத் திறப்பதில்லை. காந்திமதியிடம் மட்டும் இரண்டு வார்த்தை.

இவளுக்கு மட்டும் போன் வந்தால்? சாப்பிடாத பிள்ளை, கோபமான அம்மா. வேறென்ன வேண்டும்?

முதல் வாரத்திலேயே கிறிஸ்டினா மாறினாள். "வா வினிதா, டீ குடிச்சிட்டுப் போறியா?" என்றாள். வினிதா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, வேண்டாம் மிஸ் என்று நடந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தாலும் கிறிஸ்டினா ஒன்றும் சொல்லவில்லை. "பாவம், உனக்கும் வேலைதானே," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. முட்டை போடுகிற நாட்களில், கடையில் தன் காசில் ஒரு முட்டை வாங்கி வந்து கிரீஷுக்குத் தனியாக அவித்துக் கொடுத்தாள். தீபாவின் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அவனுக்கு மட்டும் ரெண்டு" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் மற்ற பிள்ளைகள் போன பிறகு கிரீஷை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்.

"அம்மா கேட்டா என்ன சொல்லணும்?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"சோறு. முட்டை."

"துப்புனேன்னு சொல்லக் கூடாது. சரியா? மிஸ் சொல்லிக் குடுத்தாங்கன்னும் சொல்லக் கூடாது."

பையன் தலையாட்டினான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காந்திமதி கையை நிறுத்தி இவர்களையே பார்த்தாள்.

போன் வந்ததா என்று மற்ற அம்மாக்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். யாருக்கும் வரவில்லை. வினிதாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் தான் பயப்படுவது அவளுக்குத் தெரிந்துவிடும்.

மாதம் பாதி தாண்டியபோது வினிதாவின் நடவடிக்கை மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவள், இப்போது வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளறைக் கதவு எப்போதும் ஏன் பாதி சாத்தியிருக்கிறது என்று காந்திமதியிடம் கேட்டிருக்கிறாள். ஒரு சாயங்காலம் கிறிஸ்டினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவிளக்குக்குக் கீழே வினிதா பையனை நிறுத்தி, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். பிறகு வயிற்றை. பிறகு கை இரண்டையும் திருப்பித் திருப்பி. கால்சட்டையை இறக்கித் தொடையைக்கூடப் பார்த்தாள்.

எலும்பு தெரிகிறதா என்று பார்க்கிறாள். இளைத்துவிட்டான் என்று சொல்லத் தயாராகிறாள். கிறிஸ்டினா அப்படித்தான் நினைத்தாள். உடனே உள்ளே போய் எடைப் பதிவேட்டைத் திறந்து கிரீஷின் பக்கத்தைப் பார்த்தாள். கால் கிலோ ஏறியிருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் வினிதாவும் காந்திமதியும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டினாவைக் கண்டதும் வினிதா நகர்ந்துவிட்டாள்.

"அவகிட்ட என்ன பேசிட்டிருந்த?"

"கொயந்தைக்கு எதனா ஆச்சான்னு கேட்டுச்சு."

"என்ன ஆச்சு? எதுக்குக் கேக்கணும்? நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன்."

"உள்ள எழுதறதச் சொன்னியா?"

காந்திமதி கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். "என் மேலயே டவுட்டா? தண்ணி வந்தப்போ உன் வூட்டு சாமான இடுப்பு ஆழத்துல தூக்கினு வந்தவ நானு. நீ இந்த ஒரு மாசமா நீயா இல்ல மிஸ்ஸு. அந்தப் புள்ளைய ஒக்கார வெச்சி பாடம் எடுக்கறியே, அது உனக்கே நல்லா கீதா?"

அப்படியும் கிறிஸ்டினா அன்று மத்தியானம் முழுக்க, காந்திமதி யாரோடாவது போனில் பேசுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே, புதன்கிழமை, பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் கம்பிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கிறிஸ்டினா உள்ளறையில் அரிசிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாரும் வர மாட்டார்கள். பதிவேடுகளை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வினிதா நின்றாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், துணைக்கு அழைத்து வந்திருந்த தீபா, என்ன ஏது என்று தெரியாத முகத்தோடு.

"இந்த ரூம்ல என்ன பண்றீங்க மிஸ்?"

"ஸ்டோர் ரூம்மா. அரிசி இருக்கு."

"கதவ சாத்திகிட்டு?"

வினிதா உள்ளே வந்தாள். மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். மூட்டையைத் தள்ளினாள். பதிவேடுகள் சரிந்து விழுந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து, அவள் எதிர்பார்த்தது அது இல்லை என்பது போல விழித்தாள்.

"இதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு ஆயா சொன்னாங்களே?"

"சொன்னாங்க. நான் என் பாதுகாப்புக்கு எழுதறேன்."

"என்ன பாதுகாப்பு? என் புள்ளைய என்ன பண்ணீங்க நீங்க?"

கிறிஸ்டினாவுக்கு அந்தக் கேள்வி புரியவே சில நொடிகள் ஆயின. கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் என்ன பண்ணேன்?"

"மே மாசம் என்னை நாய் மாதிரி விரட்டுனீங்க. திடீர்னு டீ குடின்றீங்க. லேட்டா வந்தா சிரிக்கறீங்க. என் புள்ளைக்கு மட்டும் ரெண்டு முட்டை. வீட்டுக்குப் போய் கேட்டா, மிஸ் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கன்றான். என்னடா சொல்லக் கூடாதுன்னா வாய மூடிக்கறான். ராத்திரி தூக்கம் இல்ல மிஸ் எனக்கு. உடம்பு முழுக்க அவுத்துப் பாத்தேன். எங்கயாவது சூடு வெச்சிருக்காங்களா, அடிச்சிருக்காங்களா, வேற எதாவது..." முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தெருவிளக்கின் கீழே அவள் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது கிறிஸ்டினாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தத் தாய் என்ன தேடினாள் என்பது இப்போதுதான் உறைத்தது. கிறிஸ்டினா அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அய்யோ வினிதா... இல்லம்மா. போனுக்கு."

"எந்தப் போனு?"

சொன்னாள். ஆபீஸிலிருந்து அம்மாக்களுக்குப் போன் வரும் என்றது, வினிதாவுக்கு வந்தால் என்ன சொல்வாளோ என்று பயந்தது, முட்டை, டீ, பையனுக்குப் பாடம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

"அந்தப் போன் எனக்கு வந்துச்சு மிஸ்."

"எப்ப?"

"மாசம் பொறந்த உடனே. ரெண்டாம் தேதியோ மூணாம் தேதியோ. மெஷின்ல இருந்தேன், சூப்பர்வைசருக்குத் தெரியாம எடுத்தேன். புள்ள சாப்பிடறானான்னு கேட்டாங்க. வீட்லயே சாப்பிட மாட்டான் மேடம், அங்கயாவது நாலு வாய் எறங்குதுன்னு சொன்னேன். மிஸ் கத்துவாங்க, ஆனா புள்ளைங்கள நல்லாப் பாத்துப்பாங்கன்னு சொன்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே. நாம எங்க பேசிக்கறோம்?" வினிதா கையிலிருந்த பதிவேட்டை மூட்டைமேல் வைத்தாள். "அன்னைக்குக் கேட்டாங்க, அப்படிச் சொன்னேன். இன்னைக்குக் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நாலு வயசுப் புள்ளைக்கு அம்மாகிட்ட மறைக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாளைக்கு நெஜமாவே அவனுக்கு ஒண்ணு ஆனா, யாராவது சொல்லாதேன்னு சொன்னா, இவன் என்கிட்ட வந்து சொல்வானா?"

கிரீஷின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தீபா தன் மகளை ஒருமுறை பார்த்தாள், கிறிஸ்டினாவைப் பார்த்தாள், பிறகு மகளை அங்கேயே விட்டுவிட்டு வினிதாவின் பின்னால் ஓடினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹேமாவதி வந்தாள். வினிதா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள் என்பது தெளிவு. வந்தவள் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தாள். மத்தியானம் அவர்களோடு கீரைச் சாதமும் முட்டையும் சாப்பிட்டாள். காந்திமதி அவளுக்கு அப்பளம் பொரிக்கப் போனபோது, "பிள்ளைங்களுக்கு இல்லாதது எனக்கு வேணாம்" என்று தடுத்தாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு உள்ளறைக்குப் போய்ப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"ஒரு நாள்கூட விடல நீங்க."

"இல்ல மேடம்."

"எதுக்கு?"

கிறிஸ்டினா வெள்ளத்தைச் சொன்னாள். தெருவில் வைத்து அந்த அதிகாரி சொன்ன சொல்லையும் சொன்னாள். இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் அப்படியே திருப்பிச் சொன்னதில்லை.

"அவர் மாறிப் போயிட்டாரு மேடம். நீங்களும் ஒருநாள் மாறிப் போவீங்க. உங்களுக்கு அப்புறம் வர்றவங்க, நீங்க இருந்த காலத்துக்குக் கணக்கு எங்கன்னு கேட்டா, ஹேமாவதி மேடம் வேணாம்னு சொன்னாங்கன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ஹேமாவதி புரட்டிக்கொண்டிருந்த பதிவேட்டை மூடினாள். வெளியே யாரோ ஒரு பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது.

"அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல," என்றாள். "ஆர்டர் இருக்கு. என் கையெழுத்து போட்டு ஒரு காப்பி உங்களுக்குத் தர்றேன், வெச்சுக்குங்க. அது எவ்ளோ தூரம் காப்பாத்தும்னு எனக்கும் தெரியாது. நீங்க எழுதறதுன்னா எழுதுங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பையன்கிட்ட நீங்க பண்ணது வேற. அத நான் விட முடியாது."

"தெரியும் மேடம்."

"மெமோ வரும்."

"வரட்டும்."

"கூட்டத்துல நீங்க கேட்டீங்களே, அம்மா பொய் சொன்னா என்னன்னு. அத நான் குறிச்சு வெச்சேன். மேல கேட்டேன். ஒரு அம்மா சொல்றத மட்டும் வெச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினேன். நீங்க கேட்டதாலதான்."

கிறிஸ்டினா அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையா, சமாதானத்துக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் போலவும் இருந்தது, உடனே நம்ப வராமலும் இருந்தது. சரி மேடம் என்று மட்டும் சொன்னாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கிரீஷ் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்டினா வினிதா குடியிருக்கிற சந்துவரைக்கும் போனாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், பையனை மாமியார் வீட்டில் விட்டிருக்கிறாள், அங்கே ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். கிறிஸ்டினா எதுவும் சொல்லி அனுப்பாமல் திரும்பினாள். வழியில் காந்திமதியின் வீட்டு வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டாள்.

"உன்ன சந்தேகப்பட்டது தப்பு காந்தி."

"அத இப்ப சொல்லத்தான் வந்தியா? உள்ள வா, காபி கீது," என்றாள் காந்திமதி. கோபம் முழுக்கப் போகவில்லை என்பது டம்ளரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வினிதா வந்தாள். பையனை உள்ளே விட்டாள். வழக்கம்போல் ஓடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட், சாயங்காலம் மாமியார் வந்து கூட்டிட்டுப் போவாங்க. சாப்பாடு முடியற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

"உக்காரு," என்றாள் கிறிஸ்டினா. டீ வேண்டுமா என்று கேட்க வந்து கேட்காமல் விட்டாள்.

வினிதா சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பிள்ளைகள் பாட்டுப் பாடியது, ஒருத்தன் இன்னொருத்தனைக் கடித்தது, காந்திமதி இரண்டு பேரையும் பிடித்து வேறு வேறு மூலையில் உட்கார வைத்தது. உள்ளறைக் கதவு அகலத் திறந்திருந்தது. கிறிஸ்டினாவுக்கு முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் எடுக்க நடந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை அவள்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. சாம்பார் சாதம், முட்டை. கிரீஷ் முதல் வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். கிறிஸ்டினா அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே வாயிலிருந்ததைத் தட்டிலேயே துப்பினான்.

வினிதா எழுந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். காக்கா காட்டினாள், கதை சொன்னாள், மிரட்டினாள். வாய் திறக்கவில்லை. முட்டையின் வெள்ளையை மட்டும் பிட்டுத் தின்றுவிட்டு மஞ்சளைத் தரையில் உருட்டினான்.

"வீட்லயும் இதே கதைதான்," என்றாள் யாரையும் பார்க்காமல். பிறகு அவன் துப்பியதை ஓரம் ஒதுக்கிவிட்டு மீதிச் சோற்றைத் தானே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மென்றாள்.

"உப்பு கம்மி ஆயா."

"சின்னப் புள்ளைங்களுக்கு அவ்ளோதான் போடணும்," என்றாள் காந்திமதி அடுக்களையிலிருந்து. "உனுக்கு வேணும்னா தனியா போட்டுக்க."

வினிதா மீதியையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பையனின் முகத்தைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நாளைக்கும் வருவேன் மிஸ். நாளன்னிக்கும் வருவேன். எப்ப நிறுத்துவேன்னு தெரியாது."

"வா," என்றாள் கிறிஸ்டினா.

வினிதா தலையை அசைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை கிறிஸ்டினா கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே கிரீஷ் தூங்க மாட்டேன் என்று பாயை உதைத்துக்கொண்டிருந்தான்.